பார்படோஸுக்கு விசா வேண்டாம், லண்டனுக்கு வேண்டும்

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய மகளுக்குக் கரீபியப் பகுதியிலுள்ள பார்படோஸ் நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மகளை அங்கே விட்டுவிட்டு வர மனைவியும் உடன் செல்கிறார். இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் டல்லாஸில் வசிக்கும் மகனைப் பார்க்கப் போனபோது பெற்ற, இன்னும் காலாவதியாகாத அமெரிக்க விசிட்டர் விசாவும் இருக்கிறது. ஏஜென்ட் போட்டுத் தந்திருக்கும் வழி சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ, பிறகு அதே நாளில் லண்டன் கேட்விக்கிலிருந்து பார்படோஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுன். இரண்டும் வெவ்வேறு பி.என்.ஆர். எண் கொண்ட தனித்தனிச் சீட்டுகள். “பார்படோஸுக்கு இந்தியர்களுக்கு விசா கிடையாது, லண்டனில் நீங்கள் ஊருக்குள் போகப்போவதில்லை, ஆகவே எந்த விசாவும் தேவையில்லை” என்று ஏஜென்ட் சொல்கிறார். இது சரியா என்பதும், இல்லையென்றால் எந்த விசாவுக்கு, எந்த வரிசையில் விண்ணப்பிப்பது என்பதும், லண்டனை விட்டு வேறு வழியில் போகலாமா என்பதும் கேள்வி.

ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாம் பாதி முற்றிலும் தவறு. இந்தியர்கள் குறுகிய காலப் பயணமாகப் பார்படோஸுக்குள் விசா இல்லாமல் நுழையலாம் என்பது உண்மை. படிப்பதற்கான அனுமதி அதனின்றும் வேறானது. அதைக் கல்லூரியின் உதவியோடு அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடம் பெற வேண்டும், அந்த வேலையைக் கல்லூரி தொடங்கிவிட்டதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சீட்டோடு சென்னை விமான நிலையத்துக்குப் போனால், பிரிட்டிஷ் விசா இல்லாத காரணத்தால் உங்கள் மனைவி, மகள் இருவரையும் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க விசா இருப்பதால் மனைவியை மட்டுமாவது விடுவார்கள் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடக்காது. அதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நம்மவர்கள் விசாவைப் போய்ச் சேரும் நாட்டோடு மட்டுமே இணைத்துப் பார்க்கிறார்கள். போகும் ஊருக்கு விசா வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்ற பதில் வந்தவுடன் மனம் நிம்மதியடைந்துவிடுகிறது. உண்மையில் பயணி எந்தெந்த நாட்டின் மண்ணில் இறங்குகிறாரோ அந்தந்த நாட்டின் சட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அவரைக் கேள்வி கேட்கிறது. விந்தை என்னவென்றால், விசா தேவையில்லாத நாட்டுக்குப் போகிறவர்தான் நடுவழியில் அதிகம் சிக்கிக்கொள்கிறார். கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவரின் பாஸ்போர்ட்டில் அந்நாட்டு விசா ஒட்டப்பட்டிருக்கும், அதைக் காட்டினால் நடுவிலுள்ள பல நாடுகள் டிரான்சிட் விசாவிலிருந்து விலக்கு அளித்துவிடும். பார்படோஸுக்குப் போகிறவரிடம் அப்படிக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பிரிட்டனின் விதியைப் புரிந்துகொள்ள, விமான நிலையத்தை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அந்தக் கோடு குடியேற்ற அதிகாரி அமர்ந்திருக்கும் மேஜை. விமானத்திலிருந்து இறங்கி, அந்த மேஜையைத் தாண்டாமல், கூடத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறுகிறவர் சட்டப்படி நாட்டுக்குள் நுழையாதவர். இவருக்கும் பிரிட்டன் ஒரு விசா கேட்கிறது. அதற்கு ‘டைரக்ட் ஏர்சைடு டிரான்சிட் விசா’ என்று பெயர், அதைப் பெற வேண்டிய நாட்டவர் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. மேஜையைத் தாண்டி வெளியே வந்து, 48 மணி நேரத்துக்குள் வேறொரு விமானத்தில் நாட்டை விட்டுப் போகிறவருக்கு உரியது ‘விசிட்டர் இன் டிரான்சிட்’ என்னும் வேறொரு விசா. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி முன்னதற்கு 39 பவுண்டு, பின்னதற்கு 70 பவுண்டு. தொகையில் வேறுபாடு சிறியதுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துக்கொள்ள முடியாது. 39 பவுண்டு விசாவை வைத்துக்கொண்டு மேஜையைத் தாண்ட வேண்டிய சீட்டில் பயணம் செய்ய இயலாது.

உங்கள் சீட்டில் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். ஹீத்ரோவும் கேட்விக்கும் ஒரே நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இடைவெளி கொண்டவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்திலோ காரிலோதான் போக வேண்டும். கரீபியத் தீவுகளுக்கான பல விமானங்கள் கேட்விக்கிலிருந்து புறப்படுவதால் இந்தத் தொல்லை அந்தத் திசையில் போகிறவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. கணினித் திரையில் ‘லண்டன்–லண்டன்’ என்று அருகருகே தெரிவதைப் பார்த்து ஏஜென்ட் ஏமாந்திருக்கக்கூடும்.

விமான நிலையம் ஒன்றாகவே இருந்தாலும் தனித்தனிச் சீட்டு என்பது இரண்டாவது சிக்கல். ஒரே பி.என்.ஆரில் பயணம் பதிவாகியிருந்தால் சென்னையில் ஒப்படைக்கும் பெட்டிகள் பிரிட்ஜ்டவுனில்தான் கைக்கு வரும், இரண்டு போர்டிங் பாஸும் சென்னையிலேயே கிடைத்துவிடும். தனித்தனியாக வாங்கியிருந்தால், இரு நிறுவனங்களுக்கும் இடையே உடன்பாடு இல்லாதவரை, பெட்டியை லண்டனில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும். பெட்டி வரும் பட்டை குடியேற்ற மேஜைக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே பெட்டியை எடுக்க வேண்டியவர் ஊருக்குள் போகாவிட்டாலும் நாட்டுக்குள் போகிறவரே. மருத்துவம் படிக்கப் போகிற பெண் இரண்டு பெட்டி நிறையப் பொடியும் ஊறுகாயும் புத்தகமும் கொண்டுபோகாமல் கைப்பையோடு போவாள் என்று நான் நம்பவில்லை.

தனிச் சீட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் கணினியில் உங்கள் மகளின் பயணம் லண்டனோடு முடிந்துவிடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை அவர் லண்டனுக்கு வருகிறவர், டிரான்சிட் பயணி அல்லர். அடுத்த சீட்டைத் தாளில் அச்சடித்துக் காட்டினால் சில அலுவலர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள்.

இனி உங்கள் மனைவியின் அமெரிக்க விசாவுக்கு வருவோம். பிரிட்டனின் விலக்கு விதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. மேஜையைத் தாண்டாத பயணிக்கு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் போதும், அவர் எந்த நாட்டுக்குப் போகிறார் என்பது பொருட்டல்ல. மேஜையைத் தாண்டுகிற பயணிக்கு விதி கடுமையாகிறது. அவர் அந்த விசா தந்த நாட்டுக்குப் போகிற வழியிலோ அங்கிருந்து வருகிற வழியிலோ இருந்தால்தான் அந்த விசாவின் பேரில் விலக்கு. உங்கள் மனைவி டல்லாஸுக்குப் போகவில்லை, பார்படோஸுக்குப் போகிறார். ஆகவே ஹீத்ரோ–கேட்விக் வழியில் அமெரிக்க விசா அவருக்கு உதவாது, ஹீத்ரோவிலிருந்து ஹீத்ரோவுக்கே மாறும் வழியில் உதவும். தகுதி இருந்தாலும் மேஜையைத் தாண்டும் விலக்கு உரிமையாகத் தரப்படுவதில்லை என்பதையும், அனுமதிப்பதா மறுப்பதா என்பது எல்லை அதிகாரியின் முடிவு என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

இதிலிருந்து என் முதல் பரிந்துரை தானாகவே கிடைத்துவிடுகிறது: விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் சீட்டை மாற்றுங்கள். ஹீத்ரோவிலிருந்தே பிரிட்ஜ்டவுனுக்கு விமானங்கள் உண்டு. சென்னை–ஹீத்ரோ–பிரிட்ஜ்டவுன் முழுவதையும் ஒரே பி.என்.ஆரில், பெட்டி கடைசி வரை போகும்படி வாங்கினால், மனைவிக்கு லண்டனில் எந்த விசாவும் தேவைப்படாது, மகளுக்கு 39 பவுண்டு விசா போதும். சீட்டின் விலை சற்றுக் கூடினாலும், இரண்டு டிரான்சிட் விசாக்களின் கட்டணம், லண்டன் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் பதற்றம், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டு வீணாகும் அபாயம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அது மலிவானது. ஒரே சீட்டாக இருந்தால் முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டவரை வேறொன்றில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். தனிச் சீட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

வாங்கும்போது இரண்டு விமானங்களுக்கும் நடுவே இரவு விழுகிறதா என்று பாருங்கள். மாலை இறங்கி மறுநாள் காலை ஏறும் சீட்டு சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஓட்டல் அறைக்குப் போக வேண்டுமென்றால் மேஜையைத் தாண்ட வேண்டும், அப்போது இருவருக்கும் 70 பவுண்டு விசா என்ற பழைய இடத்துக்கே திரும்பி வருவீர்கள்.

விண்ணப்பிக்கும் முறை சிக்கலானதன்று. பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி, விசா விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் சென்னையிலுள்ள வி.எஃப்.எஸ். மையத்தில் நாள் குறித்துக்கொண்டு, விரல்ரேகையும் புகைப்படமும் தர நேரில் போக வேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு பொதுவாக மூன்று வாரத்துக்குள் வரும். கல்லூரி தொடங்கும் காலத்தில் மாணவர் விசாக் கூட்டம் அந்த மையங்களில் அலைமோதும் என்பதால் ஆறு வாரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அவர்கள் கேட்கும் ஆவணங்களின் சாரம் மூன்றே: பாஸ்போர்ட், லண்டனிலிருந்து மேலே செல்லும் பயணம் உறுதியானதற்கான சான்று, போய்ச் சேரும் நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டு என்பதற்கான சான்று.

மூன்றாவதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். விசா தேவையில்லாத நாட்டுக்கு என்ன சான்று காட்டுவது என்று கேட்பீர்கள். கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், கட்டணம் செலுத்திய ரசீது, தங்குமிட உறுதி, பார்படோஸ் குடியேற்றத் துறையிடமிருந்து மாணவர் அனுமதி தொடர்பாக வந்த கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். அத்துடன் தந்தையின் வருமானச் சான்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வைத்து, பயணத்தின் நோக்கத்தை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிய கடிதத்தை முன்னே வையுங்கள். விசா அதிகாரியின் மனத்திலிருக்கும் ஐயம் ஒன்றே ஒன்று: இந்தப் பெண் உண்மையில் பார்படோஸுக்குத்தான் போகிறாளா, அல்லது லண்டனில் இறங்கித் தங்கிவிடுவாளா? உங்கள் தாள்கள் அந்த ஒரு ஐயத்துக்கு விடை சொன்னால் போதும். தாத்தாவின் நிலப் பத்திரம், குடும்ப அட்டை என்று கட்டுக்கட்டாகத் திணிக்க வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான தயக்கம் எழும். சீட்டு இல்லாமல் டிரான்சிட் விசா தரமாட்டார்கள், விசா கிடைக்காவிட்டால் சீட்டுப் பணம் போய்விடும், எதை முதலில் செய்வது? போகும் நாட்டின் அனுமதி முதலில், சீட்டு அடுத்து, டிரான்சிட் விசா கடைசியில் என்பதே சரியான வரிசை. ஏனெனில் நடுவழி நாடு முன்னிரண்டையும் பார்த்த பிறகே முடிவெடுக்கும். சீட்டை வாங்கும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலோ, சிறு கட்டணத்தில் தேதியையும் வழியையும் மாற்றிக்கொள்ளும் வகையிலோ வாங்குங்கள். சில ஏஜென்ட்கள் சில நூறு ரூபாய்க்கு ‘டம்மி டிக்கெட்’ என்று ஒன்றைத் தயாரித்துத் தருவதாகச் சொல்வார்கள். விமான நிறுவனத்தின் கணினியில் உண்மையாகவே பதிவாகி, பணம் செலுத்தாமல் சில நாள் நிறுத்திவைக்கப்பட்ட முன்பதிவு ஒரு வகை, வெறும் தாளில் அச்சிட்ட போலி எண் இன்னொரு வகை. இரண்டாவதை ஒருபோதும் தொடாதீர்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாகப் பிரிட்டன் முடிவு செய்தால் பத்தாண்டு வரை விசா மறுக்கப்படலாம். அந்தப் பத்தாண்டுக்குள் உங்கள் மகள் மருத்துவராகி மேற்படிப்புக்கு லண்டனையே நாடக்கூடும்.

டிரான்சிட் விசாதானே, மறுத்தால் என்ன என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. பின்னாளில் பல நாடுகளின் படிவங்களில் ‘இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா’ என்ற கேள்வி வரும், அதற்கு டிரான்சிட் விசா மறுப்பையும் சேர்த்தே ஆம் என்று எழுத வேண்டும்.

சென்னை கவுன்டரில் இருக்கும் இளைஞர் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறார் என்று பலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் ஒரு தண்டனைச் சட்டம் நிற்கிறது. உரிய தாள் இல்லாத பயணியை ஏற்றிவந்தால் பிரிட்டனில் 1999ஆம் ஆண்டின் குடியேற்ற, புகலிடச் சட்டப்படி ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு அபராதத்தை விமான நிறுவனம் கட்ட நேரிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு ஆணை, உறுப்பு நாடுகள் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ, அல்லது அடிமட்டம் 3,000 யூரோவுக்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் அந்தப் பயணியைத் திரும்ப அழைத்துச்செல்லும் செலவும் நிறுவனத்தின் தலையிலேயே விழும். அதனால் அலுவலர் தம் அறிவை நம்பாமல், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் ‘டைமேட்டிக்’ என்னும் தரவுத்தளத்தில் பாஸ்போர்ட், வழி, கையிலிருக்கும் விசா ஆகியவற்றை இட்டுப் பார்க்கிறார். திரை மறுத்தால் உங்கள் கெஞ்சலுக்கு அங்கே இடமில்லை. பல விமான நிறுவனங்களின் தளங்களில் இதே தகவலைப் பயணியும் பார்க்கும்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். சீட்டு வாங்குவதற்கு முன்னால் உங்கள் வழியை அதில் ஒரு முறை இட்டுப் பார்ப்பது ஏஜென்டின் வாய்வார்த்தையைவிட நம்பத்தக்கது.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கே இது நேர்ந்தது. இரண்டு ஐரோப்பிய விமான நிலையங்களைத் தொட்டுச் செல்லும் சீட்டை, மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, விமான நிலையக் கூடத்துக்குள்ளேயே இருக்கப் போகிறோம் என்ற தைரியத்தில் கவுன்டருக்குப் போய் நின்றேன். முதல் ஊரிலிருந்து இரண்டாம் ஊருக்குப் போவது, தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதிக்குள் நடக்கும் உள்நாட்டுப் பயணம் போன்றது என்பதும், முதல் ஊரிலேயே எல்லைச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது வழியனுப்ப வந்தவர்கள் இன்னும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லண்டனை விட்டு வேறு வழியில் போகலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதால் அந்த விதிகளையும் சொல்கிறேன். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. அவற்றின் விமான நிலைய டிரான்சிட் விசாவுக்கு ‘ஏ’ வகை என்று பெயர், 2009ஆம் ஆண்டின் 810 எண்ணுள்ள விசா விதித்தொகுப்பு அதை ஆள்கிறது. எல்லா ஷெங்கன் நாடுகளும் பொதுவாக இந்த விசாவைக் கேட்கும் நாடுகளின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. இந்தியா அதில் இல்லை, இலங்கை இருக்கிறது. ஆனால் தனித்தனி நாடுகள் தம் விருப்பப்படி வேறு நாட்டவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த உரிமையைக் கொண்டே ஜெர்மனியும் பிரான்சும் நெடுங்காலம் இந்தியர்களிடம் இந்த விசாவைக் கேட்டுவந்தன. இத்தகைய தேசியப் பட்டியல்கள் பேச்சுவார்த்தைகளால் மாறக்கூடியவை. ஆகவே ஃபிராங்க்ஃபர்ட்டோ பாரிசோ வழியானால் உறவினர் எப்போதோ போய்வந்த அனுபவத்தை நம்பாமல், சீட்டு வாங்கும் வாரத்தில் அந்நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். கேட்கும் நாடாக இருந்தால், அமெரிக்க விசா வைத்திருக்கும் உங்கள் மனைவிக்கு அந்த விதித்தொகுப்பே விலக்கு அளிக்கிறது, மகள் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. எந்த நாட்டின் விமான நிலையத்தில் மாறுகிறாரோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாக. ஃபிராங்க்ஃபர்ட், பிறகு மாட்ரிட் என இரண்டு ஷெங்கன் ஊர்கள் வந்துவிட்டால் ‘ஏ’ வகையோ எந்த விலக்கோ பயன்படாது, முழுமையான ‘சி’ வகை விசா வேண்டும்.

இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலிருந்து டொரன்டோவுக்குப் போகும் பெற்றோர் கனடா விசாவின் பலத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறிக்கொள்ளலாம். லண்டனுக்குப் போகும் பெற்றோர் பிரிட்டிஷ் விசாவின் பலத்தில் அப்படி மாற முடியாது, ஏனெனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அந்நாட்டு விசா விலக்குத் தரும் விசாக்களில் சேர்வதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் போன வழி மற்றவருக்கு அடைபட்டிருப்பதற்கு இதுவே காரணம். இவர்கள் வளைகுடா நாடுகளின் வழியே ஒரே சீட்டில் போவது நிம்மதியானது.

அமெரிக்கா வழியை உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மயாமியிலிருந்து பார்படோஸ் சில மணி நேரத் தொலைவுதான், ஆனால் அமெரிக்க விமான நிலையங்களில் மேஜையைத் தாண்டாமல் விமானம் மாறும் ஏற்பாடே கிடையாது. முதலில் இறங்கும் ஊரிலேயே எல்லோரும் குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். விசா இல்லாமல் டிரான்சிட் செய்ய முன்பு இருந்த திட்டத்தை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு ‘சி-1’ டிரான்சிட் விசா வேண்டும். அதற்கு 185 டாலர் கட்டணம், தூதரக நேர்காணலுக்கான காத்திருப்பு வேறு. மனைவியோ இருக்கும் விசிட்டர் விசாவிலேயே போகலாம். டொரன்டோ வழியில் நிலைமை வேறு: அமெரிக்க விசா அங்கே உதவாது, இருவருக்கும் கனடாவின் விசா வேண்டும். ஆனால் 48 மணி நேரத்துக்கு உட்பட்ட டிரான்சிட் விசாவுக்குக் கனடா கட்டணம் வாங்குவதில்லை. காலம் கையில் இருந்தால் யோசிக்கத்தக்க வழி அது.

துபாய், தோஹா வழியாகப் போனால் எந்தத் தொல்லையும் இல்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊர்களில் கூடத்துக்குள் இருந்தே விமானம் மாற விசா வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அங்கிருந்து பார்படோஸுக்குப் போக மீண்டும் லண்டனையோ வேறொரு நகரத்தையோ தொடத்தான் வேண்டும். சீட்டில் ஒரு நிறுத்தம் கூடியதே தவிர லண்டன் விதி மறையவில்லை. நிறுத்தம் என்றால் விமானம் மாறாத நிறுத்தமும் அதில் அடங்கும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் ஒரு விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் பயணிகளை இறக்கி மீண்டும் ஏற்றுகிறது. விமான எண் மாறாததால் அது டிரான்சிட் அல்ல என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

திரும்பி வரும் வழியையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். மனைவி ஒரு மாதத்தில் திரும்புவார். அவரது சீட்டும் ஹீத்ரோவுக்குள்ளேயே முடிவதாகவும் ஒரே பி.என்.ஆராகவும் இருந்தால் அமெரிக்க விசாவே போதும், அதன் காலாவதித் தேதி திரும்பும் நாளைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் நிலை வேறு. ஆண்டுதோறும் விடுமுறைக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் டிரான்சிட் விசா கேட்க வேண்டியிருக்கும், அதையும் சில வேளை பார்படோஸில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க நேரிடும். அதற்கு மாற்றாக, பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசாவை இரண்டாண்டுக்கு வாங்கலாம். 2025 ஏப்ரல் கட்டணப்படி அது 475 பவுண்டு, ஆறு மாத விசா 127 பவுண்டு. விசிட்டர் விசாவில் டிரான்சிட்டும் அடங்கும், ஹீத்ரோ–கேட்விக் மாறுவதும் அடங்கும். இரண்டாண்டில் நான்கு முறை லண்டனைக் கடப்பார் என்று வைத்தால் 39 பவுண்டு வீதம் 156 பவுண்டுதான் ஆகிறது, ஆகவே பணக் கணக்கில் டிரான்சிட் விசாவே லாபம். ஒவ்வொரு முறையும் விரல்ரேகை கொடுக்க அலைவதையும் முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதையும் கணக்கில் சேர்த்தால் முடிவு மாறலாம். முதல் பயணத்துக்கு நான் டிரான்சிட் விசாவையே எடுக்கச் சொல்வேன். அது ஒழுங்காகக் கிடைத்து, ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்ட பிறகு, அடுத்த விடுமுறையில் இரண்டாண்டு விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்த முதல் விசாவே அவருக்குச் சாட்சியாக நிற்கும்.

நாளைக்கு ஏஜென்டைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: ஹீத்ரோவிலிருந்தே பிரிட்ஜ்டவுன் போகும் வழியை ஒரே பி.என்.ஆரில் தர முடியுமா, பெட்டி சென்னையிலிருந்து கடைசி வரை போகுமா, இப்போதைய இரண்டு சீட்டுகளையும் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். மூன்றுக்கும் பதிலை வாய்மொழியாக வாங்காமல் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.